ஸ்ட்ரீமர் 192 அனுப்புகிறது, டேக் ஏன் தடுமாறுகிறது? ஒரு நிகழ்வு ஆய்வு

“டேக்கை வித்துடலாம்னு இருக்கேன்ப்பா” என்றுதான் அண்ணன் பேச்சை ஆரம்பித்தார். டேக் என்றால் டிஜிட்டல் எண்களை ஓசை அலையாக மாற்றித் தரும் பெட்டி. கூடப் பிறந்தவர் அல்ல. பழைய அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், அப்போது ஒட்டிக்கொண்ட ‘அண்ணே’ இன்றுவரை போகவில்லை. அவர் ஒரு சாமானை விற்கப் போவதாகச் சொன்னால், அதன் கையேட்டை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் இந்த முறை தவறு அவர் பக்கம் மட்டும் இல்லை. நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்து, பார்ப்பதற்கு ஒரே கோளாறு போலத் தெரிந்தன. அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

அவரிடம் இருந்தவை இவை. வீட்டு நெட்வொர்க்கில் இருந்தும் இணையத்தில் இருந்தும் பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர். அதன் பின்பக்கம் ஆப்டிகல், கோஆக்சியல், யூஎஸ்பி என்று மூன்று டிஜிட்டல் வெளியீடுகள், கூடவே டிவிக்குப் போகும் ஒரு ஹெச்டிஎம்ஐ. டேக் தனிப்பெட்டி, கொஞ்சம் வயதானது. முன்பக்கம் 44.1, 48, 88.2, 96, 176.4, 192 என்று வரிசையாகக் குட்டி விளக்குகள்; நொடிக்கு எத்தனை ஆயிரம் சாம்பிள், அதாவது ஓசையை அளந்து எழுதிய எண்கள், வருகின்றன என்று காட்டுபவை. கடைசியில், டிஎஸ்டி என்ற வேறு வகைப் பதிவுக்கு ஒன்று. அதிலிருந்து ஆம்பிளிஃபயர், அதிலிருந்து ஸ்பீக்கர்கள். ஸ்ட்ரீமரையும் டேக்கையும் ஆப்டிகல் கேபிள் இணைத்திருந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் பாடியது. காசு கொடுத்து இறக்கிய 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஆல்பங்களைப் போட்டபோது டேக்கில் 96 விளக்கு எரிந்தது. அதுதான் அவர் கண்ணில் பட்டது. “பாதிதான் வருது” என்று ஸ்ட்ரீமரின் செட்டிங்கைத் துருவி, வெளியீட்டு உச்சவரம்பு 96 என்று இருந்ததை 192 ஆக்கினார். 192 விளக்கு எரிந்தது. சந்தோஷம் ஒரு பாட்டுக்குக்கூட நீடிக்கவில்லை. டிக், டிக் என்று சொடுக்கு விழுந்தது. சில இடங்களில் அரை நொடி மௌனம். நல்ல ஆப்டிகல் கேபிள் வாங்கி மாற்றினார், சொடுக்கு குறைந்தது, போகவில்லை. யூஎஸ்பிக்கு மாற்றினார், மறுபடி 96 விளக்கு. டிஎஸ்டி ஃபைல்களைப் போட்டால் பாட்டே இல்லை, மெல்லிய சீற்றம் மட்டும். கோஆக்சியலைத் தொட்டதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று உறுமல். அதற்கப்புறம்தான் எனக்குப் போன்.

சொடுக்கு

போனதும் ஆம்பிளிஃபயர் வால்யூமைக் கீழே இறக்கினேன். டிஜிட்டல் கோளாறைத் தேடும்போது எந்த நேரத்தில் முழு வீச்சில் இரைச்சல் வரும் என்று சொல்ல முடியாது. ஸ்பீக்கரின் ட்வீட்டரைப் பலி கொடுத்துவிட்டுக் காரணம் கண்டுபிடிப்பதில் பெருமை இல்லை.

அப்புறம் டேக்கின் கையேட்டைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் இருந்தது: கோஆக்சியல் 192 வரை, ஆப்டிகல் 96 வரை. அதாவது ஸ்ட்ரீமர் வாங்கி வந்தபோது இருந்த 96 உச்சவரம்பு இந்த இணைப்புக்குச் சரியாகப் பொருந்திய ஒன்று. அதை உயர்த்தியதும்தான் வினை ஆரம்பம்.

ஆப்டிகல் ஏன் 96-இல் நிற்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். ஆப்டிகல், கோஆக்சியல் இரண்டிலும் ஓடுவது ஸ்பிடிஃப் என்ற ஒரே ஏற்பாடு. ஒவ்வொரு சாம்பிளுக்கும் இடது, வலது சேர்த்து 64 பிட்கள் போகும். பாட்டுக்கு அதில் அதிகபட்சம் 48, மிச்சம் அடையாளக் குறிகளும் துணைத் தகவலும். 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 61 லட்சத்துச் சொச்சம் பிட்கள். 192 என்றால் அதற்கு இரட்டிப்பு, ஒரு கோடியே 22 லட்சத்துக்கு மேல். கேபிளில் இதை அனுப்பும் குறிமுறையோ ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு துடிப்பு வரை கேட்கும். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழையின் ஒரு முனையில் சிவப்பு விளக்கு நொடிக்குக் கோடிக்கணக்கில் அணைந்து எரிய, மறுமுனையில் ஒரு சின்ன வாங்கி அதைத் தவறாமல் எண்ண வேண்டும். பல டேக்குகளில் இருக்கும் ஆப்டிகல் வாங்கிகளுக்கு 96 வரைதான் உத்தரவாதம். 192 வாங்கும் ஆப்டிகல்களும் உண்டு. அது கையேட்டில் எழுதியிருக்க வேண்டும்.

இதில் ஆளை ஏமாற்றுவது அந்த அரைகுறை வேலைதான். உத்தரவாதம் 96 என்றாலும் 192-ஐப் போட்டால் பூட்டுக் கதவு போல மூடிக்கொள்வதில்லை. தட்டுத் தடுமாறி ஓடுகிறது. கேபிளை வளைக்காமல் நீட்டினால் கொஞ்சம் நன்றாக ஓடுகிறது, முனையின் தூசியைத் துடைத்தால் இன்னும் கொஞ்சம். விளக்கும் எரிந்துவிட்டது. மனிதன் கேபிளைத்தானே சந்தேகப்படுவான்!

192-ஐ வாங்க முடியாது என்று டேக் ஏன் ஸ்ட்ரீமரிடம் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வழக்கின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. ஸ்பிடிஃப் ஒருவழிப் பாதை. ஸ்ட்ரீமர் பேசும், டேக் கேட்கும், அவ்வளவுதான். பதில் சொல்ல வாயே கிடையாது. எதிர்ப்பக்கம் என்ன பெட்டி இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே ஸ்ட்ரீமருக்குத் தெரியாது. ஆகவே டேக்கின் தகுதியை ஸ்ட்ரீமருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நடுவில் நிற்கும் நாம்தான். செட்டிங்கில் இருக்கும் உச்சவரம்பு அதற்காகவே வைத்தது. அது ஸ்ட்ரீமரின் திறமைக்குப் போட்ட மதிப்பெண் அல்ல.

உறுமல்

கோஆக்சியலுக்கு மாற்றினேன். 192 விளக்கு அசையாமல் எரிந்தது, சொடுக்கு போயே போச்சு. உறுமல் வந்தது.

ஆப்டிகலில் வெளிச்சம்தான் போகிறது, செம்பு இல்லை. அதனால் இரண்டு பெட்டிகளுக்கும் மின்தொடர்பே கிடையாது. கோஆக்சியலிலோ யூஎஸ்பியிலோ கேபிளின் வெளி உறை இரண்டு பெட்டிகளின் தரைமுனையையும் இணைத்துவிடுகிறது. ஏற்கெனவே வேறு வழியிலும் ஒரு தரைத்தொடர்பு இருந்தால் வட்டம் பூர்த்தியாகிவிடும், மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அந்த வட்டத்தில் சுற்றி வந்து பாடும். கிரவுண்ட் லூப் என்பார்கள்.

வட்டத்தைத் தேடுவதற்குக் கருவி வேண்டாம். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினால் போதும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன், உறுமல் அப்படியே இருந்தது. ஹெச்டிஎம்ஐயைப் பிடுங்கினேன், சட்டென்று அடங்கியது. அதை மறுபடி செருகிவிட்டு டிவியின் பின்னால் போய் ஆன்டெனா வயரைக் கழற்றினேன், அப்போதும் அடங்கியது. ஆக, ஆன்டெனா வயரின் உறை வழியாகத் தரை டிவிக்கு வந்து, டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியே ஸ்ட்ரீமருக்கு வந்து, கோஆக்சியல் வழியே டேக்கைத் தொட்டு, ஆம்பிளிஃபயரின் மூன்று முள் பிளக்கில் போய் முடிந்திருந்தது வட்டம். டிவி பார்க்காத நேரத்திலும் உறுமியதற்குக் காரணம் இதுதான். இத்தனை நாள் ஆப்டிகல் இதை மறைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது. அந்தப் பாவப்பட்ட கேபிளைத்தான் அண்ணன் முதலில் தூக்கி எறிந்தார்.

ஹெச்டிஎம்ஐயைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

சீற்றம்

டிஎஸ்டி ஃபைலைக் கோஆக்சியலில் போட்டோம். அதே சீற்றம். 176.4 விளக்கு எரிகிறது, டிஎஸ்டி விளக்கு எரியவில்லை. இந்த இரண்டு விளக்குகளுக்குள்தான் துப்பு இருந்தது.

டிஎஸ்டி ஒரே ஒரு பிட்டை நொடிக்கு 28,22,400 முறை அனுப்பும் முறை. ஸ்பிடிஃபுக்கு அந்தப் பாஷை தெரியாது, அதற்குத் தெரிந்தது பிசிஎம், அதாவது சாம்பிள்களை வரிசையாகச் சொல்லும் சாதாரண எண்கள்தான். எனவே டிஓபி என்றொரு தந்திரம் செய்கிறார்கள். பதினாறு டிஎஸ்டி பிட்களை எடுத்து, அவற்றின் தலையில் எட்டு பிட் அடையாளக் குறி ஒன்றை வைத்து, 24 பிட் பிசிஎம் எண் போல வேஷம் கட்டி அனுப்புகிறார்கள். 28,22,400-ஐப் பதினாறால் வகுத்தால் 1,76,400. அதனால்தான் 176.4 விளக்கு எரிந்தது. குறி இரண்டு விதம், மாறி மாறி வர வேண்டும். டேக் அதைப் பார்த்ததும் வேஷத்தைக் கலைத்து உள்ளே இருக்கும் டிஎஸ்டியை எடுத்துக்கொள்ளும். குறி ஒரு பிட் பிசகினாலும் அடையாளம் போச்சு. டேக் அதைச் சாதாரண பிசிஎம் என்று நம்பி அப்படியே வாசிக்கும், நமக்குச் சீற்றம் கேட்கும்.

குறியைக் கலைப்பது யார்? எண்களை யாரோ நடுவழியில் தொடுகிறார்கள் என்று சந்தேகம். அதை உறுதி செய்ய எனக்குப் பிடித்த பழைய சோதனை ஒன்று உண்டு. அண்ணனிடம் டிடிஎஸ் (பல ஸ்பீக்கர் ஓசையைச் சுருக்கி வைக்கும் முறை) இசை சிடி ஒன்று இருந்தது. அந்த வகை சிடியில் சாதாரண 16 பிட் 44.1 ஓசைக்கு உரிய இடத்தில் டிடிஎஸ் குறிமுறையை ஒளித்து வைத்திருப்பார்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர் அதைப் படிக்க வேண்டுமானால் ஒவ்வொரு பிட்டும் அப்படியே வந்து சேர வேண்டும். ஒரு டிராக்கைக் கணினியில் இழப்பில்லாமல் எடுத்து ஸ்ட்ரீமருக்குக் கொடுத்தோம். பக்கத்து அறையிலிருந்து ரிசீவரைத் தூக்கி வந்து டேக் இருந்த இடத்தில் செருகினோம்.

ஊதல் அடித்தது. டிடிஎஸ் என்ற எழுத்து திரையில் வரவில்லை. வால்யூம் கீழே இருந்ததால் பிழைத்தோம்.

“உங்க ஆப்ல சவுண்டு எவ்வளவு வெச்சிருக்கீங்க அண்ணே?”

“எண்பத்தஞ்சு. எப்பவும் அதுலதான் இருக்கும்.”

நூறில் வைத்தோம். அப்போதும் ஊதல். செட்டிங்கில் இன்னும் தோண்டினால், எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தி, வெளியீட்டை ‘நிலையான அளவு’ என்று மாற்றினோம். ரிசீவரில் க்ளக் என்று ஒரு ரிலே சத்தம், திரையில் டிடிஎஸ், பின்னால் பாட்டு. அந்த க்ளக்கைக் கேட்டு அண்ணன் கைதட்டினார்.

ரிசீவரை எடுத்துவிட்டு டேக்கை மறுபடி செருகி டிஎஸ்டி ஃபைலைப் போட்டால், இத்தனை நாள் எரியாத டிஎஸ்டி விளக்கு எரிந்தது. வால்யூமை 85-இல் வைப்பது என்றால் ஸ்ட்ரீமர் ஒவ்வொரு எண்ணையும் ஒரு பின்னத்தால் பெருக்குகிறது என்று அர்த்தம். பிசிஎம் பாட்டுக்கு அதனால் சத்தம் குறையும், அவ்வளவுதான். டிஓபிக்கு அது மரண அடி. ஈக்வலைசர், கிராஸ்ஃபேடு, சாம்பிள் ரேட் மாற்றம் எல்லாமே அதே வேலையைச் செய்யும். உச்சவரம்பு 96-இல் இருந்தாலும் 176.4-ஐப் பாதியாக்கி டிஓபியைக் கொன்றிருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஜிட்டல் வால்யூம் என்றாலே பாவம் என்று ஒரு கட்சி இருக்கிறது. ஆறு டெசிபல் குறைத்தால் ஒரு பிட் போகும், உண்மைதான். ஆனால் 16 பிட் பாட்டை 24 பிட் இடத்தில் வைத்து அனுப்பும்போது கீழே எட்டு பிட் சும்மா கிடக்கிறது. கிட்டத்தட்ட 48 டெசிபல் வரை குறைத்தாலும் பாட்டின் பிட் எதுவும் விளிம்பில் இருந்து விழாது. டிஎஸ்டி கேட்காதவர் ஸ்ட்ரீமரிலேயே வால்யூம் வைத்துக்கொள்ளலாம், நான் தடுக்க மாட்டேன்.

மீண்டும் 96

மிச்சம் இருந்தது யூஎஸ்பி. இங்கே கதை தலைகீழ். யூஎஸ்பியில் டேக்குக்கு வாய் உண்டு. செருகியதும் நான் இன்னின்ன வேகம் வாங்குவேன், இத்தனை பிட் வாங்குவேன் என்று அதுவே பட்டியல் கொடுத்துவிடும். ஆக, ஸ்ட்ரீமர் 96-க்கு மேல் அனுப்ப மறுத்தது என்றால் டேக்தான் 96 என்று சொல்லியிருக்கிறது. முன்பக்கம் 192 விளக்கு வைத்துக்கொண்டு ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

கையேட்டின் நடுப்பக்கத்தில் பதில் இருந்தது. அந்த டேக்கின் யூஎஸ்பிக்கு இரண்டு நிலைகள்: கிளாஸ் 1, கிளாஸ் 2. பெட்டியிலிருந்து வரும்போது கிளாஸ் 1. முதல் தலைமுறை ஏற்பாடான இது நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்தில் அதிகபட்சம் 1023 பைட். 24 பிட் 96 என்றால் மில்லி நொடிக்கு 96 சாம்பிள், இரண்டு சேனல், சாம்பிளுக்கு மூன்று பைட்: 576. தாராளமாகக் கொள்ளும். 192-க்கு 1152. கொள்ளாது. 176.4-க்கும் 1058 ஆகிறது, அதுவும் கொள்ளாது. கிளாஸ் 2 ஓடுவது 480 மெகாபிட் வேகத்தில், அங்கே இந்த நெருக்கடி இல்லை.

பிறகு ஏன் கிளாஸ் 1-இல் அனுப்புகிறார்கள்? விண்டோஸ் கணினிகள் கிளாஸ் 2-ஐத் தனி டிரைவர் இல்லாமல் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்ததே விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பில்தான். அதற்கு முன் செய்த டேக்கைக் கிளாஸ் 1-இல் அனுப்பினால் எந்தக் கணினியிலும் செருகியதும் பாடும், வாடிக்கையாளர் புகார் வராது. லினக்ஸில் ஓடும் ஸ்ட்ரீமருக்கு அந்தக் கவலை இல்லை. மெனுவில் கிளாஸ் 2 ஆக்கி, இரண்டு பெட்டிகளையும் அணைத்துப் போட்டோம். 192 பாடியது, டிஎஸ்டியும் பாடியது.

கோஆக்சியலும் 192 பாடுகிறது, யூஎஸ்பியும் பாடுகிறது; எதை வைப்பது? நான் யூஎஸ்பி என்றேன். ஸ்பிடிஃபில் தாளம் போடுவது ஸ்ட்ரீமர். வரும் ஓட்டத்தில் இருந்து தாளத்தைப் பிரித்தெடுத்து டேக் பின்தொடர வேண்டும்; ஸ்ட்ரீமரின் கை நடுங்கினால் அந்த நடுக்கத்தை வடிகட்டுவதும் டேக்கின் வேலை. அசிங்க்ரனஸ் யூஎஸ்பியில் தாளம் டேக்கின் கையில் இருக்கிறது. தன் கடிகாரத்துக்கு ஏற்ப, கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறைத்து அனுப்பு என்று அதுவே ஸ்ட்ரீமருக்குச் சொல்கிறது. இந்த டேக்குக்குள் இரண்டு கடிகாரங்கள்: 44.1 குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576. நல்ல ஸ்பிடிஃப் வாங்கி இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம். எனக்கு முக்கியம் அந்தப் பட்டியல்தான். நாளைக்கு ஸ்ட்ரீமரை மாற்றினாலும் டேக் தன் தகுதியைத் தானே சொல்லிக்கொள்ளும், அண்ணன் நடுவில் நிற்க வேண்டாம்.

உறுமலுக்கும் வழி கிடைத்தது. ஸ்ட்ரீமருக்கும் டிவிக்கும் இருந்த ஹெச்டிஎம்ஐயை நிரந்தரமாக எடுத்துவிட்டு, டிவியின் ஆப்டிகல் வெளியீட்டை நேரே டேக்கின் ஆப்டிகலில் கொடுத்தோம். டிவி அனுப்புவது 48 கிலோஹெர்ட்ஸ், அந்த வாங்கிக்கு அது சாதாரண வேலை. வெளிச்சத்தில் கிரவுண்ட் போகாது, ஆன்டெனா எங்கே போனால் நமக்கென்ன! தூக்கி எறிந்த கேபிள் திரும்பி வந்தது.

பாட்டுகளைக் கலந்து போடும்போது முதல் எழுத்தை விழுங்கும் சின்னக் குறை ஒன்று பாக்கி. வேகம் மாறும்போது கடிகாரம் மாறி நிலைக்கும்வரை டேக் வாயை மூடிக்கொள்கிறது, அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. வேகம் மாறினால் சற்றுப் பொறுத்துத் தொடங்கும்படி ஸ்ட்ரீமரில் ஒரு செட்டிங் இருந்தது, போட்டுவிட்டோம்.

காது என்ன சொன்னது

சொடுக்கு இல்லை, உறுமல் இல்லை, டிஎஸ்டி பாடுகிறது. இவை யார் காதுக்கும் தெரியும். 96-க்கும் 192-க்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. 44.1-ஏ 22 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும், நம் வயதுக்காரர் காது அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். அண்ணன் தெரிகிறது என்றார். விளக்கு வரிசையின் மேல் பேப்பர் டேப்பை ஒட்டி, உச்சவரம்பை அவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். சிலது சரியாகச் சொன்னார், சிலது தப்பாகச் சொன்னார், கடைசியில் சிரித்துக்கொண்டே டேப்பைப் பிய்த்தார். விளக்கு 192-இல் எரிவதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. அது ஒன்றும் குற்றமில்லை, விளக்கு வைத்ததே பார்ப்பதற்குத்தானே.

முதன்முதலில் சொடுக்கு விழுந்த அந்த 192 ஆல்பத்தை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து அலைவரிசைப் படத்தையும் பார்த்தேன். 22 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு, அதற்கு மேலே காலி. 44.1-இல் இருந்ததை ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள் என்றுதான் படம் சொன்னது. காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், மற்ற ஆல்பங்களையும் திறக்கச் சொன்னார். மற்றவற்றில் மேலே விஷயம் இருந்தது.

போன வாரம் மறுபடி போன். டிவியில் சத்தமே வரவில்லையாம், ஆப்டிகல் போய்விட்டதாம், புதுக் கேபிள் பார்த்து வைத்திருக்கிறாராம். டேக்கில் இன்புட் யூஎஸ்பியிலேயே நிற்கிறதா பாருங்கள் என்றேன். ஒரு க்ளக் கேட்டது, பின்னணியில் செய்தி வாசிக்கும் குரல் வந்தது.